பிள்ளைகளைக் காரணம் காட்டிய இரவு: காதேஸ்பர்னேயா – ஒரு நிகழ்வு ஆய்வு

ஓரேப் (சீனாய்) மலையிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் நடை. உபாகமம் முதல் அதிகாரத்தின் இரண்டாம் வசனமே இதைச் சொல்லிவிடுகிறது. மூன்றாம் வசனத்துக்கு வந்தால், 40ஆம் வருடம் 11ஆம் மாதம் முதல் தேதியில் மோசே ஜனங்களோடு பேசுகிறார். இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே வனாந்தர மணலில் அடக்கமாகிவிட்டது. அத்தனை குறுகிய வழி அத்தனை வருடங்களாக நீண்டதற்கு வேதாகமம் ஒரு இடத்தையும் ஒரு இரவையும் காரணமாகக் காட்டுகிறது: கானான் தேசத்தை வேவு பார்த்து வந்தவர்களின் பேச்சைக் கேட்டு, அதற்குள் போக ஜனங்கள் மறுத்த காதேஸ் இரவு.

காதேஸைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும், போவோம் என்று சொன்ன வேவுகாரர் காலேபின் தைரியத்தோடு முடிந்துவிடும். அது தவறில்லை. ஆனால் அன்றிரவு பாளயத்தில் இன்னொரு கூட்டமும் இருந்தது: பிள்ளைகள். பெரியவர்கள் பின்வாங்கியது அவர்களுடைய பெயரைச் சொல்லித்தான். அந்த முடிவின் சுமையை நெடுநாள் சுமந்தவர்களும் அவர்கள், கடைசியில் யோர்தானைக் கடந்தவர்களும் அவர்கள். எண்ணாகமம் 13, 14 அதிகாரங்களை அவர்கள் பக்கமிருந்து வாசித்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

காதேஸ் வரை

இஸ்ரவேலர் சீனாயை விட்டுக் கிளம்பியது 2ஆம் வருடம் 2ஆம் மாதம் 20ஆம் தேதி. வழியில் கிப்ரோத் அத்தாவாவில் இறைச்சி கேட்டு அழுதார்கள், காடைகள் வந்தன, வாதையும் வந்தது. ஆஸரோத்தில் மிரியாம் 7 நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். அப்புறம் பாரான் வனாந்தரம், காதேஸ். திராட்சை முதற்பழம் பழுக்கிற காலம் என்று எண்ணாகமம் குறித்து வைத்திருக்கிறது. எகிப்தை விட்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

இன்றைய எகிப்தின் சீனாய்த் தீபகற்பத்தில், வடகிழக்கு மூலையில் உள்ள தெல் எல்-குதைராத் என்ற மேட்டையும் அதன் அருகே உள்ள ஊற்றையும்தான் பல ஆய்வாளர்கள் காதேஸ் என்று அடையாளம் காண்கிறார்கள். 1914இல் லெனார்டு வூலியும் டி. இ. லாரன்ஸும் அந்தப் பகுதியைச் சுற்றி ஆராய்ந்து எழுதிய பிறகு இந்தக் கருத்து வலுப்பெற்றது. அங்கே தோண்டியபோது கிடைத்த கோட்டைகள் பிற்கால ராஜாக்களின் காலத்தவை. மோசே காலத்துப் பாளயத்தின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே இந்த ஆய்வுக்கு ஆதாரம் வேதவசனம்தான்.

அந்த இரண்டு அதிகாரங்களிலும் பசி, தாகம் பற்றி ஒரு முறையீடும் இல்லை. முந்தைய கலகங்களுக்கு வயிறு ஒரு காரணமாக இருந்தது. மாராவில் தண்ணீர் கசந்தது. ரெவிதீமில் தண்ணீரே இல்லை. காதேஸில் அப்படி எந்த நெருக்கடியும் சொல்லப்படவில்லை. வானத்து ஆகாரமான மன்னா காலைதோறும் விழுந்துகொண்டிருந்தது. கர்த்தர் வழிநடத்திய மேகம் மேலே நின்றது. குறை ஏதும் இல்லாத ஒரு நாளில்தான் அந்த வீழ்ச்சி நடந்தது.

அறிக்கை

வேவுகாரரை அனுப்பும் யோசனை யாருடையது? எண்ணாகமம் கர்த்தரின் கட்டளையைச் சொல்கிறது. உபாகமம் 1:22இல், ஜனங்கள்தான் முதலில் வந்து கேட்டார்கள் என்றும் அது தனக்கு நன்றாகப் பட்டது என்றும் மோசே நினைவுகூருகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஜனங்கள் கேட்டார்கள், கர்த்தர் அனுமதித்து அனுப்பினார் என்று எடுத்துக்கொள்ளலாம். விசாரித்துப் பார்ப்பது பாவமாக எண்ணப்படவில்லை என்பதே நமக்கு வேண்டியது.

கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர் போனார்கள். மோசே கொடுத்த கேள்விகள் நல்ல கேள்விகள்: ஜனங்கள் பலமுள்ளவர்களா, பலவீனரா? கொஞ்சமா, அநேகமா? பட்டணங்களுக்கு மதில் உண்டா? நிலம் வளமா, இளப்பமா? மரம் உண்டா? 40 நாள் சுற்றிவிட்டு வந்தார்கள். எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரே திராட்சக் குலையை ஒரு தடியில் கட்டி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மாதுளம்பழமும் அத்திப்பழமும் கூட வந்தன. எபிரோனில் இராட்சதரான ஏனாக்கின் வம்சத்தார் மூன்று பேரைப் பார்த்ததாகப் பெயரோடு எழுதியிருக்கிறது: அகீமான், சேசாய், தல்மாய். இந்த மூன்று பெயர்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேவுகாரர் முதலில் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தேசம் நல்லது. பழம் இதோ. ஜனங்கள் பலவான்கள், பட்டணங்கள் பெரியவை, மதிலுள்ளவை. காலேபும் இதே மதில்களைத்தான் பார்த்தார், அவற்றை மறுக்கவும் இல்லை. "நாம் உடனே போய் அதைச் சுதந்தரித்துக்கொள்வோம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் மற்ற 10 பேரின் பேச்சு மாறுகிறது. தன் குடிகளையே பட்சிக்கிற தேசம் என்கிறார்கள். அதே மூச்சில், அங்கே பார்த்தவர்கள் எல்லாரும் மகா பெரிய ஆட்கள் என்கிறார்கள். குடிகளை விழுங்கும் நிலத்தில் ஆட்கள் எப்படி அவ்வளவு வாட்டசாட்டமாக வளர்ந்தார்கள்? பயந்துபோனவன் தன் வாதத்தைத் திரும்பச் சரிபார்ப்பதில்லை.

அதற்கடுத்து வருவது வெட்டுக்கிளி பற்றிய பேச்சு. எங்கள் பார்வைக்கு நாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்கிறார்கள். சரி, அது அவர்களுடைய மனநிலை. ஆனால் அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எபிரோன் வாசிகள் யாரும் வந்து சொன்னதாக எழுதவில்லை. எதிரியின் மனதில் இருந்தது என்ன என்பது ஏறக்குறைய 40 வருடம் கழித்து, கானானியப் பட்டணமான எரிகோவில் ராகாப் என்ற பெண் வாய் திறக்கும்போதுதான் வெளியே வருகிறது. கர்த்தர் செங்கடலை வற்றப்பண்ணினதைக் கேட்டோம், கேட்டபோது எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்கிறாள் அவள். இந்தப் பக்கம் கூடாரங்களில் அழுகை, அந்தப் பக்கம் மதிலுக்குள் நடுக்கம். யாருக்குப் பயந்து திரும்பினார்களோ அவர்கள் இவர்களுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 10 பேரின் அறிக்கையில் கர்த்தரின் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. நேர்மையாகச் சொன்னால், காலேபின் முதல் பேச்சிலும் வரவில்லை. மறுபடி அவரும் 12 பேரில் இன்னொருவரான யோசுவாவும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு பேசும்போதுதான், "கர்த்தர் நம்மோடே இருக்கிறார்" என்று வெளிப்படையாக வருகிறது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது, ஜனங்கள் அவர்களைக் கல்லெறியப் பார்த்தார்கள்.

இந்த அறிக்கை முழுச் சபைக்கு முன்னால், பழங்களைக் காட்டி, பகிரங்கமாகக் கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில், மோசேக்குப் பின் தலைவரான யோசுவா சித்தீமிலிருந்து எரிகோவுக்கு வேவுகாரரை அனுப்பியபோது இரண்டே பேரை இரகசியமாக அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து அவரிடம் மட்டும் சொன்னார்கள். காதேஸில் நின்று பார்த்தவர் அவர். யார் முன்னால் எதைச் சொல்வது என்பதை அந்த நாளில் கற்றிருப்பார் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனாலும் சபைப் பொறுப்பில் இருக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய ஊகம்.

அந்த இரவு

அன்று இரவு முழுதும் ஜனங்கள் அழுதார்கள் என்கிறது எண்ணாகமம் 14:1. கூடாரங்களுக்குள் முறுமுறுத்தார்கள் என்று உபாகமம் 1:27 கூட்டிச் சொல்கிறது. அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கூடாரத்துக்கு அறை கிடையாது. ஆட்டு மயிரால் நெய்த துணிதான் சுவர். அப்பா பேசுவதும் அம்மா அழுவதும் படுத்திருக்கிற பிள்ளைகளுக்குக் கேட்காமல் இருக்காது. பக்கத்துக் கூடாரத்திலும் அதே அழுகை. அன்று பகலில் அந்தப் பிள்ளைகள் அந்தப் பெரிய திராட்சக் குலையை வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக மன்னா தின்ற வாய்க்கு அந்தப் பழம் எப்படித் தெரிந்திருக்கும்! இருட்டிய பிறகு அதே பிள்ளைகள் தங்கள் பெயர் அடிபடுவதைக் கேட்கிறார்கள்: எங்கள் மனைவிகளும் குழந்தைகளும் கொள்ளையாகிப்போவார்கள், எகிப்துக்கே திரும்பிப் போவது நலம் அல்லவா?

எகிப்தில் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன காத்திருந்தது? பிறக்கும் ஆண் குழந்தைகளை நைல் நதியில் போடச் சொன்ன தேசம் அது. பிள்ளைகளைக் காப்பாற்ற, பிள்ளைகளைக் கொன்ற இடத்துக்குப் போகலாம் என்கிறார்கள். புதிதாக ஒரு தலைவனையும் ஏற்படுத்திக்கொள்ளப் பார்த்தார்கள். அவர்கள் பிள்ளைகளை நேசிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயம் உண்மையானது. போர் என்றால் குடும்பங்களுக்கு என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நேசத்துக்குப் பின்னால் தங்கள் அவிசுவாசம் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய கவலையே தவறு என்று இதைப் படித்துவிடக் கூடாது. எண்ணாகமம் 32இல் ரூபன், காத் கோத்திரத்தார் யோர்தானுக்குக் கிழக்கே கீலேயாத்தில் தங்கக் கேட்டபோது, மோசே காதேஸ் கதையைத்தான் அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துப் போட்டார். அவர்கள், எங்கள் மந்தைகளுக்குத் தொழுவங்களும் எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டணங்களும் கட்டிவிட்டு, நாங்கள் ஆயுதம் அணிந்து சகோதரருக்கு முன்னே போவோம் என்றார்கள். மோசே ஒத்துக்கொண்டார். பதில் சொல்லும்போது வரிசையை மட்டும் மாற்றினார்: பிள்ளைகளுக்குப் பட்டணங்களைக் கட்டுங்கள், ஆடுகளுக்குத் தொழுவங்களைக் கட்டுங்கள். யூத உரையாசிரியர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்த மாற்றம் இது. பிள்ளைகளுக்கு மதில் கட்டிவிட்டுக் கீழ்ப்படிவது வேறு. பிள்ளைகளையே மதிலாக்கி அதன் பின்னால் நின்றுகொண்டு கீழ்ப்படிய மறுப்பது வேறு.

தீர்ப்பும் மன்னிப்பும்

கர்த்தர் ஜனத்தை அழித்து மோசேயைப் பெரிய ஜாதியாக்குவதாகச் சொன்னபோது, மோசே தனக்குக் கிடைத்த வாய்ப்பைத் தள்ளிவிட்டு ஜனங்களுக்காக மன்றாடினார். பொன் கன்றுக்குட்டி சம்பவத்துக்குப் பிறகு கர்த்தரே தம்மைப் பற்றி அறிவித்த வார்த்தைகளை, நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர் என்பதை, திரும்ப அவரிடமே எடுத்துச் சொன்னார். வந்த பதில்: "உன் வார்த்தையின்படியே மன்னித்தேன்."

அடுத்த வாக்கியத்திலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது. 20 வயதும் அதற்கு மேலும் எண்ணப்பட்டவர்கள், காலேபும் யோசுவாவும் தவிர, தேசத்தைக் காணமாட்டார்கள். வேவு பார்த்த 40 நாளுக்கு, நாளொன்றுக்கு ஒரு வருடமாக 40 வருடம். வனாந்தரத்தில் செத்தாலும் நலம் என்று அழுதவர்களுக்கு, நீங்கள் சொன்னபடியே ஆகட்டும் என்றார். அவிசுவாசத்தைப் பரப்பிய 10 பேரும் வாதையில் செத்தார்கள்.

மன்னிப்பும் விளைவும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது பலருக்கு இடிக்கிறது. மன்னித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆகாதபோது மன்னிப்பே கிடைக்கவில்லை போல என்று சந்தேகப்படுகிறோம். காதேஸில் மன்னிப்பு என்றால் கர்த்தர் கூடவே இருப்பது, ஜனம் அழிந்துபோகாமல் தொடர்வது. எபிரோனுக்குப் போகிற வழி மட்டும் அந்தத் தலைமுறைக்கு மூடிப்போயிற்று. குடித்துக் கெட்ட உடம்பு, உடைந்துபோன நம்பிக்கை, திரும்பக் கிடைக்காத வருடங்கள் என்று எதையாவது சுமந்துகொண்டு ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளைவு தொடர்கிறது என்பதற்காக மன்னிப்பு பொய்யாகிவிடாது.

பிள்ளைகளைப் பற்றியும் தீர்ப்பில் இரண்டு விஷயம் உண்டு. கொள்ளையாவார்கள் என்று நீங்கள் சொன்ன அந்தக் குழந்தைகளைத்தான் நான் உள்ளே கொண்டுபோவேன் என்பது ஒன்று. அவர்கள் 40 வருடம் வனாந்தரத்தில் அலைந்து உங்கள் துரோகத்தைச் சுமப்பார்கள் என்பது மற்றொன்று. தகப்பனின் அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 தெளிவாகச் சொல்கிறது. பிள்ளைகள் இங்கே குற்றவாளிகளாக எண்ணப்படவில்லை. ஆனால் பெற்றோர் எடுத்த முடிவின் நீளத்தை அவர்கள் கால்கள் நடந்தே தீர்க்க வேண்டியிருந்தது.

விடிந்ததும் ஒரு கூட்டம், பாவஞ்செய்தோம், இதோ போகிறோம் என்று மலையேறியது. மோசே தடுத்தார். உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தை விட்டு அசையவில்லை. அமலேக்கியரும் கானானியரும் அவர்களை ஓர்மா வரை துரத்தி அடித்தார்கள். நேற்றுப் போகச் சொன்னபோது மறுத்தவர்கள், இன்று போகாதே என்றபோது போனார்கள். எபிரெயர் நிருபம் 3ஆம் அதிகாரம் சங்கீதம் 95ஐ எடுத்து "இன்று" என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஏன் என்பது இங்கே புரிகிறது. கீழ்ப்படிதலுக்கு ஒரு நாள் உண்டு. அந்த நாளைத் தவறவிட்ட பதற்றத்தில் நாமாக எடுத்து வைக்கும் அடியும் கலகமாகவே முடியலாம்.

38 வருடம்

காதேஸிலிருந்து சேரேத் ஆற்றைக் கடந்தது வரை 38 வருடம் என்று உபாகமம் 2:14 கணக்குச் சொல்கிறது (எகிப்தை விட்டதிலிருந்து காதேஸ் வரையான காலமும் 40 வருடத்தில் அடங்கும்). முதல் கணக்கெடுப்பில் போருக்குப் போகத்தக்க ஆண்கள் 6,03,550 பேர். இரண்டாம் கணக்கெடுப்பில் 6,01,730. முதல் பட்டியலில் இருந்தவர்களில் இரண்டாவதில் இருந்தவர்கள் இரண்டே பேர். கணக்குப் போட்டால், ஆண்கள் மட்டுமே நாள் ஒன்றுக்குச் சராசரி 43 பேர் அடக்கம். பிள்ளைகள் வளர்ந்தது அடக்கங்களுக்கு நடுவில். 90ஆம் சங்கீதம் மோசேயின் ஜெபம் என்ற தலைப்போடு நம் கையில் இருக்கிறது. எங்கள் நாட்களை எண்ணும் அறிவைத் தாரும் என்று அதில் கேட்பவர் இத்தனை குழிகளைப் பார்த்தவர்.

ஆனால் அந்த வருடங்களை வெறும் தண்டனைக் காலமாகப் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். எண்ணாகமம் 14 ஓர்மா தோல்வியோடு முடிகிறது. 15ஆம் அதிகாரத்தைத் திறந்ததும் கர்த்தர் பேசுவது இதைத்தான்: நான் உங்களுக்குக் கொடுக்கும் தேசத்தில் நீங்கள் பிரவேசித்த பின்பு என்ன காணிக்கை கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டிக்குக் கால்படி திராட்சரசம், ஆட்டுக்கடாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, காளைக்கு அரைப்படி. எஸ்கோல் குலையைத் தள்ளிவிட்ட ஜனத்திடம் திராட்சரசத்தின் அளவு சொல்லப்படுகிறது! கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு அது பயன்படப் போவதில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குத்தான் பயன்படும். நீங்கள் நிச்சயம் போவீர்கள் என்பதை இதைவிட நடைமுறையாக அவர்களுக்கு எப்படிச் சொல்வது? வனாந்தரப் பகுதி முழுவதிலும் என்னை அதிகமாகத் தேற்றுவது இந்த அதிகாரத்தின் தொடக்கம்தான்.

மன்னாவும் நிற்கவில்லை. வாரத்துக்கு 6 காலை வீதம் 38 வருடத்துக்கு ஏறக்குறைய 12,000 காலைகள். காதேஸில் 7 வயதாக இருந்த பையன் 45 வயது வரை, வெயில் ஏறுமுன் எழுந்து, கொத்துமல்லி விதை அளவில் தரையில் கிடந்ததைப் பொறுக்கியிருக்கிறான். திரிகையில் அரைத்தோ உரலில் இடித்தோ அப்பம் சுடுவார்கள். மறுநாளைக்கு வைத்தால் புழுத்துவிடும். ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு. நாளைக்கு வருமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலையும் பதில் கிடைத்தது. அவனுடைய அப்பா ஒரே இரவில் கோட்டைவிட்ட பாடத்தை அவன் 12,000 தடவை படித்தான். இந்த 40 வருடமும் கர்த்தர் உன்னோடிருந்தார், உனக்கு ஒன்றும் குறைவுபடவில்லை என்று உபாகமம் 2:7 சொல்வது இந்தத் தலைமுறையிடம்தான்.

காலேபையும் யோசுவாவையும் இங்கே மறந்துவிட முடியாது. அவர்கள் தவறு செய்யவில்லை. ஆனாலும் அவர்களும் அதே மணலில் அதே 38 வருடம் நடந்தார்கள். விசுவாசம் அவர்களைத் தனியாக முன்னாலே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. தன்னைக் கல்லெறியப் பார்த்தவர்களின் அடக்கங்களில் காலேப் நின்றிருப்பார், அவர்களுடைய பிள்ளைகளுக்கு எபிரோன் எப்படி இருக்கும் என்று சொல்லியிருப்பார். அந்தப் பாளயத்தில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு உயிரோடு இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. சபை தப்பான முடிவு எடுத்த பிறகும் சபையோடே நடக்கிற முதியவர்களை நான் அறிவேன். பிள்ளைகளுக்கு அவர்கள் தேவை.

வளர்ந்த பிள்ளைகள்

இரண்டாம் தலைமுறை சுத்தமான தலைமுறை என்று கற்பனை செய்ய வேண்டாம். 20ஆம் அதிகாரத்தில் அதே காதேஸுக்குத் திரும்ப வருகிறார்கள். மிரியாம் அங்கே மரித்தாள். தண்ணீர் இல்லை. உடனே அவர்கள் வாயில் வந்தது, எங்கள் சகோதரர் மாண்டபோதே நாங்களும் மாண்டிருந்தால் நலமாயிருக்கும் என்ற பேச்சு. கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு கேட்ட அதே வார்த்தைகள்! நாம் பயத்தில் பேசும் பேச்சைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மோசேயும் அன்று பொறுமை இழந்து கன்மலையை இரண்டு தரம் அடித்தார், தேசத்தை இழந்தார்.

ஆனால் அடுத்த அதிகாரத்தில் ஒரு மாற்றம். ஆராத்தின் ராஜா தாக்கியபோது அவர்கள் கர்த்தருக்குப் பொருத்தனை செய்து, அவர் ஒப்புக்கொடுத்த பின் ஜெயித்தார்கள். அந்த இடத்தின் பெயரும் ஓர்மா. அப்பாக்கள் முறியடிக்கப்பட்ட ஓர்மாவின் பெயரிலேயே பிள்ளைகளுக்கு முதல் வெற்றி கிடைத்தது. மறுபடி முறுமுறுத்தார்கள், கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தன. ஆனால் இந்த முறை அவர்களே மோசேயிடம் வந்து, பாவஞ்செய்தோம், எங்களுக்காக விண்ணப்பம்பண்ணும் என்றார்கள். காதேஸில் பாவஞ்செய்தோம் என்று சொன்னவர்கள் வாளை எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். இவர்கள் ஜெபம் கேட்டு நின்றார்கள். அப்போது உயர்த்தப்பட்ட வெண்கலச் சர்ப்பத்தைத்தான் இயேசு தமது சிலுவைக்கு அடையாளமாக நிக்கொதேமுவிடம் எடுத்துச் சொன்னார்.

மோவாபின் சமவெளியில் மோசே உபாகமத்தைப் பேசியபோது கேட்டவர்கள் இவர்கள். மனுஷன் அப்பத்தினால் மாத்திரமல்ல என்பது அங்கே சொல்லப்பட்டது. பின்னாளில் இயேசு 40 நாள் வனாந்தரத்தில் பசித்திருந்து சோதிக்கப்பட்டபோது மூன்று தடவையும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்தே பதில் சொன்னார். காதேஸின் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட பாடத்தை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்புவித்தவர் அவர் ஒருவரே. நாம் அவரை நம்பித்தான் நடக்கிறோம், நம் தைரியத்தை நம்பி அல்ல. காதேஸ் நமக்கு எச்சரிப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று பவுல் 1 கொரிந்தியர் 10இல் சொல்லிவிட்டு, உடனே தேவன் உண்மையுள்ளவர் என்பதையும் சேர்த்து எழுதுகிறார்.

அந்த எச்சரிப்பு நம் ஊர்ச் சபைகளுக்கு எங்கே தைக்கிறது என்று பார்த்தால், எனக்கு உடனே தோன்றுவது கல்யாணப் பேச்சுதான். வரதட்சணை தவறு என்று ஞாயிற்றுக்கிழமை தலையாட்டுகிறோம். புதன்கிழமை, பிள்ளை போகிற இடத்தில் தலைகுனியக் கூடாது என்று சொல்லி நகைக்கணக்குப் பேசுகிறோம். சாதி பார்க்கக் கூடாது, ஆனால் நாளைக்குப் பிள்ளைகளை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்கிறோம். இந்தப் பயங்கள் பொய்யில்லை. மதில்கள் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டு ஹாலில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கர்த்தர் மீது நம் விசுவாசம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அன்றுதான் கற்றுக்கொள்கிறார்கள். நோயாளிக் குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கிற ஒரு தாயின் எச்சரிக்கையை நான் இதோடு சேர்க்கவில்லை. கர்த்தர் தெளிவாகச் சொன்னது எது என்று தெரிந்த பிறகும், பிள்ளையின் பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுவதைத்தான் சொல்கிறேன்.

எபிரோன்

வேவு பார்த்தபோது காலேபுக்கு 40 வயது. 85ஆம் வயதில் அவர் யோசுவாவிடம் வந்து, ஏனாக்கியர் இருக்கிற அந்த மலைநாட்டையே எனக்குத் தாரும் என்று கேட்டார். சமவெளியில் நல்ல நிலம் கேட்டிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். 10 பேரையும் நடுங்க வைத்த எபிரோனைக் கேட்டார். சேசாய், அகீமான், தல்மாய் என்ற மூன்று ஏனாக்கின் குமாரரையும் அங்கேயிருந்து துரத்தினார் என்று யோசுவா 15:14 எழுதுகிறது. 45 வருடம் கழித்தும் அதே மூன்று பெயர்கள்.

பக்கத்தில் இருந்த கீரியாத்செப்பேரைப் பிடித்தவர் காலேபின் தம்பி கேனாசின் மகன் ஒத்னியேல். 20 வயதுக்கு மேற்பட்டு எண்ணப்பட்டவர்களில் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள் என்றால், ஒத்னியேல் காதேஸ் இரவில் 20 வயதுக்குட்பட்டவராக இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்குப் பிறகு வனாந்தரத்தில் பிறந்திருக்க வேண்டும். காலேப் தன் மகள் அக்சாளை அவருக்குக் கொடுத்தார். அவள் கழுதையிலிருந்து இறங்கி, வறட்சியான நிலத்தைத் தந்தீர், நீரூற்றுகளையும் தாரும் என்று கேட்டாள். அப்பா மேல்புறத்து ஊற்றுகளையும் கீழ்ப்புறத்து ஊற்றுகளையும் கொடுத்தார். தகப்பனைப் போலவே கேட்கத் தயங்காத மகள்.

யோசுவாவுக்குப் பிறகு, கர்த்தரையும் அவர் செய்ததையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பியது என்கிறது நியாயாதிபதிகள் 2:10. பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்று மோவாபில் கேட்டவர்களின் வீடுகளிலேயே அது நடந்தது. அந்தச் சந்ததி பாகால்களைச் சேவித்து, மெசொப்பொத்தாமியா ராஜாவான கூசான்ரிஷதாயீமுக்கு 8 வருடம் அடிமைப்பட்டு, கடைசியில் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டது. அவர்களுக்கு முதல் இரட்சகனாக எழுப்பப்பட்டவர் இந்த ஒத்னியேல்தான். அவர் நியாயம் விசாரித்த பின், தேசம் 40 வருடம் அமைதலாயிருந்தது.